அம்மாவுக்கு வந்துட்டிருந்த 4 வேளை கேரர் 2 வேளையா குறைஞ்சது ஏன், இப்ப என்ன பண்ணலாம்

நீங்க கேட்டதை என் வார்த்தைல ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. கிழக்கு லண்டன்ல இருக்கீங்க, அம்மாவுக்கு 78 வயசு, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் பலவீனம், இப்ப மறதியும் சேர்ந்திருக்கு. கவுன்சில் (உள்ளாட்சி) மூலமா தினமும் 4 வேளை கேரர், அதாவது வீட்டுக்கே வந்து பாத்துக்குற ஆள், வந்தாங்க, காலைல 45 நிமிஷம், மத்த மூணு வேளையும் அரை அரை மணி. போன மாசம் போன்லயே ஒரு ரிவ்யூ (தேவையை மறுபடி பாக்குறது) பண்ணிட்டு, இனி காலைல அரை மணி, சாயந்திரம் அரை மணி, அவ்ளோதான்னு லெட்டர் வந்திருக்கு. கவுன்சில்ல காசு இல்லாததால குறைச்சாங்களா, இது சட்டப்படி செல்லுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில ஒண்ணு போட்டிருந்தீங்க பாருங்க, லெட்டர்ல "உங்க அம்மா நிலைமை முன்னேறியிருக்கு"ன்னு இருக்கு, எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே, நான்தான் சரியா கவனிக்கலையான்னு, உங்க நிஜக் கேள்வி அதுதான்னு நினைக்கிறேன். காசு காரணமா இல்ல அம்மா காரணமா.

என்னைப் பத்தி ரெண்டு வரி. 13 வருஷமா ஹோம் கேர்ல இருக்கேன், முதல் 4 வருஷம் கேரரா வீடு வீடா போனேன், அப்புறம் ஆபிஸ்ல உக்காந்து ரோட்டா (யார் எந்த வீட்டுக்கு எப்ப போகணும்ங்குற அட்டவணை) போட்டேன், இப்ப ஒரு சின்ன ஏஜென்சில மேனேஜர். வக்கீல் இல்ல, சோஷியல் வொர்க்கரும் இல்ல. உங்க அம்மாவோட கேர் பிளானை (என்னென்ன உதவி தரணும்னு கவுன்சில் எழுதி வெக்கிறது) நான் பாக்கல. சொல்றது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து வேல்ஸ்ல சட்டமே வேற.

முதல்ல காசு விஷயம், ஏன்னா அது நிச்சயமா தெரிஞ்ச பகுதி. 2010ல இருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்குற மானியத்தை வருஷா வருஷம் வெட்டிட்டே வந்துச்சு. அந்தப் பக்கம் வயசானவங்க எண்ணிக்கை ஏறிட்டே போச்சு. 2011, 12 வாக்குலயே வட லண்டன்ல இருக்குற பார்னெட் கவுன்சில்ல ஒரு கிராஃப் போட்டுக் காட்டினாங்க, இப்படியே போனா இன்னும் இருபது வருஷத்துக்குள்ள பெரியவங்க பராமரிப்பும் குழந்தைகள் பராமரிப்பும் மொத்த பட்ஜெட்டையும் தின்னுடும், குப்பை அள்ள லைப்ரரி நடத்த ஒரு பென்னி இருக்காதுன்னு. அழிவுகால கிராஃப்னே அதுக்குப் பேர் ஆகிப்போச்சு, எங்க ஃபீல்டுல எல்லாருக்கும் தெரியும். 2016ல இருந்து இதுக்குன்னே கவுன்சில் டாக்ஸ்ல (வீட்டு வரி) தனியா கொஞ்சம் ஏத்திக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்க, ஆனா அதுல ஒரு கோணல் இருக்கு, பெரிய பெரிய வீடா இருக்குற ஏரியால 2 சதவீதம் ஏத்தினா நல்ல தொகை கிடைக்கும், ஏழைங்க நிறைய இருக்குற ஏரியால அதே 2 சதவீதம் ஏத்தினா சொற்பம்தான் வரும், கேர் அதிகமா தேவைப்படுறது என்னவோ அங்கதான். கவுன்சில் கடன் வாங்கி தினசரி செலவு பண்ண முடியாது, பட்ஜெட் சமமா இருந்தே ஆகணும்னு சட்டம். முடியலன்னா செக்‌ஷன் 114 நோட்டீஸ், அதாவது வரவு செலவை சமாளிக்க முடியலன்னு கவுன்சில் தானே அறிவிக்கிறது, நார்தாம்ப்டன்ஷயர் 2018, குராய்டன் 2020, பர்மிங்காம் 2023. நியாயமா சொல்லணும்னா இந்த நோட்டீஸ் எல்லாத்தையும் மானிய வெட்டு தலைல கட்ட முடியாது, குராய்டன்ல சொத்து முதலீட்டுல கைய சுட்டுக்கிட்டாங்க, பர்மிங்காம்ல ஆண் பெண் சம ஊதிய பாக்கியும் ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டமும் சேர்ந்து இழுத்துவிட்டுச்சு. ஆனா நோட்டீஸ் வராத கவுன்சில்லயும் இதே நெருக்கடி ஓடிட்டுதான் இருக்கு.

ஏஜென்சி பக்கம் கணக்கைப் பாருங்க. எங்க தொழில் சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன் ஒவ்வொரு வருஷமும் ஒரு மணி நேர கேருக்கு குறைஞ்சபட்ச விலை கணக்கு போட்டு வெளியிடும், 2025-26க்கு இங்கிலாந்துல 32.14 பவுண்டு. அந்த வருஷம் கேரர் சம்பளம் குறைஞ்சது மணிக்கு 12.21 தானே, மீதி எங்க போகுதுன்னு தோணும். ஒரு வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்குப் போற நேரத்துக்கு சம்பளம், பெட்ரோல், லீவு சம்பளம், பென்ஷன், டிரெய்னிங், கையுறை, இன்சூரன்ஸ், சிக்யூசிங்குற கண்காணிப்பு அமைப்புக்கு ஃபீஸ், ராத்திரி போன் எடுக்க ஒரு ஆள். போதாததுக்கு 2025 ஏப்ரல்ல ஆட்கள் சம்பளத்து மேல முதலாளி கட்டுற நேஷனல் இன்சூரன்ஸ் வரி 13.8ல இருந்து 15 சதவீதம் ஆச்சு, வருஷச் சம்பளம் 9,100 பவுண்டுக்கு மேல போனா கட்டினது 5,000க்கு மேலயே கட்டணும்னு மாத்தினாங்க, பகுதி நேர ஆட்களை வெச்சு ஓடுற எங்கள மாதிரி இடத்துக்கு அது நேரா வயித்துல விழுந்த அடி. பெரும்பாலான கவுன்சில் அந்த 32 பவுண்டை கிட்டக்கூட தொடாது. அப்ப ஏஜென்சி என்ன பண்ணும்? ஒண்ணு கவுன்சில் கான்ட்ராக்டை திருப்பிக் கொடுத்துட்டு காசு கட்டுற பிரைவேட் ஆட்களை மட்டும் பாக்கும், இல்லன்னா ரோட்டால கைய வெக்கும். நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல 8 மணிக்கு ஒரு வீடு முடியும், 8 மணிக்கே அடுத்த வீடு தொடங்கும், நடுவுல பஸ்ல 20 நிமிஷம் போறது யார் கணக்குலயும் இல்ல. அரை மணி விசிட்ல 20 நிமிஷம்தான் இருக்க முடியும், ஆனா ரெக்கார்டுல அரை மணி. அந்த ரோட்டாவைப் போட்டது நான்தான், அதை மறைச்சுட்டு இங்க உபதேசம் பண்ண எனக்கு வரல.

உங்க அம்மா கணக்குக்கு வருவோம். முன்னாடி வாரத்துக்கு 15 மணி முக்கால், இப்ப 7 மணி. மணிக்கு 24 பவுண்டுன்னு வெச்சாக்கூட வாரத்துக்கு 210, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11,000 பவுண்டு மிச்சம், ஒரே ஒரு போன் கால்ல. அதனாலதான் பட்ஜெட் ஓட்டை விழுற வருஷத்துல ரிவ்யூ டீம் திடீர்னு சுறுசுறுப்பாகும். ரெண்டு வருஷமா ரிவ்யூவே பண்ணாதவங்க ஒரே மாசத்துல வரிசையா போன் பண்ணுவாங்க, அது எங்களுக்கு ஏஜென்சில இருந்தே தெரியும், ஒரே வாரத்துல ஆறு பேருக்கு மணி நேரம் குறைச்சு மெயில் வரும். ஆறு பேருமா ஒரே வாரத்துல முன்னேறிட்டாங்க?

ஆனா "காசு இல்ல, அதனால குறைக்கிறோம்"னு அவங்க எழுதவே மாட்டாங்க, எழுத முடியாது. 2014 கேர் ஆக்ட் படி ஒருத்தருக்குத் தேவை இருக்கு, அவங்க வரம்புக்குள்ள வர்றாங்கன்னு ஆயிட்டா அந்தத் தேவையை நிறைவேத்துறது கவுன்சிலோட கடமை, பட்ஜெட் இல்லங்குறது சாக்கு ஆகாது. இது உறுதி. அதே அளவு உறுதியான இன்னொண்ணு, உங்களுக்குப் பிடிக்காது, தேவையை எந்த வழில நிறைவேத்துறதுன்னு முடிவு பண்றப்போ செலவு கம்மியான வழியைத் தேர்ந்தெடுக்க கவுன்சிலுக்கு உரிமை இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்துலதான் எல்லா வெட்டும் நடக்குது.

இதுக்கு ஒரு கேஸ் சொல்றேன், பழைய சட்டத்து கேஸ்தான், ஆனா விஷயம் பளிச்சுன்னு புரியும். எலெய்ன் மெக்டொனால்ட்னு ஒருத்தங்க, ஸ்காட்டிஷ் பாலேல முதன்மை நடனக்காரியா இருந்தவங்க, 1999ல ஸ்ட்ரோக் வந்து நடமாட்டம் போச்சு. ராத்திரில ரெண்டு மூணு தடவை எழுந்து கமோட்ல உக்கார உதவி வேணும், அதுக்கு கென்சிங்டன் அண்ட் செல்சீ கவுன்சில் நைட் கேரர் வெச்சிருந்துச்சு. அப்புறம் நைட் கேரர் வேணாம், ராத்திரி பேட் (பெரியவங்க டயாப்பர்) கட்டிக்கோங்கன்னுட்டாங்க. அவங்களுக்கு சிறுநீர் கட்டுப்பாடு இருக்கு, எழுந்து போக மட்டும்தான் முடியல. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2011ல கவுன்சில் பக்கம்தான் தீர்ப்பு, நீதிபதி லேடி ஹேல் மட்டும் மாறுபட்டு எழுதினாங்க. 2014ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் கூட, முறையா ரிவ்யூ பண்ணாம பழைய பிளானை மீறின அந்த கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் தப்புன்னுச்சு, மத்தபடி கவுன்சில் செஞ்சது செல்லும்னுட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, முதல் பிளான்ல "ராத்திரி கமோட் உபயோகிக்க உதவி"ன்னு இருந்த தேவை, ரிவ்யூக்கு அப்புறம் "ராத்திரி பாதுகாப்பா சிறுநீர் கழிக்க ஏற்பாடு"ன்னு ஆயிடுச்சு. ஆள் அதே ஆள், உடம்பு அதே உடம்பு, தேவையோட பேர் மாறிடுச்சு, பேர் மாறினதும் பேட்டே போதும்னு ஆயிடுச்சு.

உங்க லெட்டர்ல "முன்னேறியிருக்கு"ன்னு வந்ததும் இந்த வகைதானான்னு பாருங்க. நிஜமாவே முன்னேறி குறைக்கிறதும் உண்டு, அதை நான் மறுக்கல, ஸ்ட்ரோக் வந்த முதல் ஆறு மாசத்துல 4 வேளை தேவைப்பட்டு பிறகு 2 வேளையே போதும்னு ஆனவங்களை நானே பாத்திருக்கேன். சந்தோஷமான விஷயம் அது. ஆனா மறதி சேர்ந்துட்டிருக்குற ஒருத்தர் ரெண்டாவது வருஷத்துல பாதி கேர்ல சமாளிக்கிற அளவுக்கு முன்னேறினாங்கன்னா, எதுல முன்னேறினாங்கன்னு லெட்டர்ல இருக்கணும். சாப்பாடு செஞ்சுக்கிறதுலயா, குளிக்கிறதுலயா, பாத்ரூம் போறதுலயா. பழைய கேர் பிளானையும் புது கேர் பிளானையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரிக்கு வரி படிங்க. "சமைச்சுக் கொடுக்கணும்" இருந்த இடத்துல "மைக்ரோவேவ் உணவு உபயோகிக்கலாம்" இருக்கா, "குளிப்பாட்டணும்" இருந்த இடத்துல "சுத்தம் பேண ஊக்கப்படுத்தணும்" இருக்கா. ஊக்கப்படுத்தணும்ங்குற வார்த்தையைப் பாத்தா ஜாக்கிரதை ஆயிடுங்க, குளிப்பாட்ட 25 நிமிஷம் ஆகும், ஊக்கப்படுத்த 5 நிமிஷம் போதும்.

அடுத்தது நம்ம ஆட்களுக்குன்னே இருக்குற ஒரு பிரச்சினை, இதை உங்க மனசு நோகச் சொல்லல. ரிவ்யூ போன் வந்தப்போ நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. மதியச் சாப்பாடு யார் பாக்குறாங்கன்னு கேட்டிருப்பாங்க. "பரவால்ல, தேவைப்பட்டா நாங்க பாத்துக்குறோம்"னு சொன்னீங்களா? நூத்துக்கு தொண்ணூறு தமிழ்க் குடும்பம் சொல்லும். பெத்தவங்களைப் பாத்துக்க முடியாதுன்னு ஒரு வெள்ளைக்காரங்க கிட்ட எப்படி சொல்றது, நாக்கு வராது. அந்த ஒரு வார்த்தை அந்தப் பக்கம் "குடும்ப ஆதரவு உள்ளது"ன்னு டைப் ஆகும், மதிய விசிட் அங்கயே காலி. சட்டம் என்ன சொல்லுதுன்னா குடும்பத்துல ஒருத்தர் விருப்பத்தோட, முடிஞ்சு செய்யுற வரைக்கும்தான் அந்தத் தேவையை கவுன்சில் பாக்க வேண்டியதில்ல. விருப்பமும் இருக்கணும், முடியவும் முடியணும். நீங்க செவ்வாய் வியாழன் வேலைக்குப் போறத விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அது "முடியும்" இல்ல. அதோட அம்மாவோட தேவையை எடுக்குறப்போ நீங்க செய்யுறதைக் கழிக்காம முழுசா எடுக்கணும், அப்புறம்தான் அதுல நீங்க எதைச் செய்யத் தயார்னு தனியா எழுதணும். போன் ரிவ்யூல இந்த ரெண்டையும் கலந்துடுவாங்க.

அம்மாக்களும் சும்மா இருக்க மாட்டாங்க. "டீ போட்டுக்க முடியுமா"ன்னு கேட்டா "ஏன் முடியாது, நான் 40 வருஷமா போடுறேன்"னு சொல்வாங்க. யாரோ அதிகாரி கேக்குறாங்கன்னதும் நிமிர்ந்து உக்காந்து நல்லா பேசுவாங்க, மறதி இருக்குறவங்களுக்கும் அரை மணி நேரம் அது முடியும். போன மாசம் அடுப்பை அணைக்காம விட்டது யாருன்னு கேட்டா பதில் வராது.

இந்த வெட்டு ஒரு வீட்டுக்குள்ள எப்படி இறங்கும்னு நான் கேரரா இருந்தப்போ பாத்ததைச் சொல்றேன், உங்க வீட்லயும் கவனிங்க. மதிய விசிட் போச்சுன்னா முதல்ல சாப்பாடு குறையாது, தண்ணி குறையும். கேரர் இல்லாத நேரத்துல பாத்ரூம் போக முடியாது, நனைச்சுட்டா அசிங்கம், அதனால அவங்களே யாருக்கும் சொல்லாம தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. ஃபிளாஸ்க்ல வெச்ச டீ அப்படியே இருக்கும். ரெண்டு மூணு வாரத்துல யூரின் இன்ஃபெக்‌ஷன், வயசானவங்களுக்கு அது பல நேரம் காய்ச்சலா வராம குழப்பமா வரும், ராத்திரில எழுந்து ஊர்ல இருக்குற மாதிரி நடப்பாங்க, விழுவாங்க, ஆம்புலன்ஸ். சாயந்திர விசிட்டும் தூங்க வைக்கிற விசிட்டும் ஒண்ணாயிட்டா 5 மணிக்கோ 6 மணிக்கோ படுக்க வெச்சுடுவாங்க, காலைல 9 மணி வரைக்கும் 15, 16 மணி நேரம் ஒரே பேட்ல. முதுகுத் தோலைப் பாருங்க, சிவப்பு இருந்தா அன்னைக்கே ஜிபிக்கோ (குடும்ப டாக்டர்) வீட்டுக்கு வர்ற டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்கோ சொல்லுங்க, படுக்கைப்புண் வந்துட்டா ஆறறது பெரும்பாடு. கவுன்சில் மிச்சம் பிடிச்ச காசு என்எச்எஸ் (அரசு ஆஸ்பத்திரி) படுக்கைல கரையுது, ரெண்டும் வேற வேற கல்லாப்பெட்டி, ஒரு கல்லால போட்ட பூட்டு இன்னொரு கல்லாவைக் காலி பண்றது யாருக்கும் உறைக்க மாட்டேங்குது.

தமிழ் பேசுற கேரர் போயிட்டாங்கன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. அதுக்குக் காரணம் இந்த ரிவ்யூ மட்டுமா இருக்காது. 2022 பிப்ரவரில கேர் வேலைக்கு விசா திறந்தாங்க, கேரளா, தமிழ்நாடு, நைஜீரியா, ஜிம்பாப்வேல இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க, ஏஜென்டுக்கு லட்சக்கணக்குல கொடுத்துட்டு வந்து இங்க மணி நேரம் கிடைக்காம அல்லாடினவங்களும் அதுல உண்டு. 2024 மார்ச்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னாங்க, 2025 ஜூலை 22ல வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்குறதையே நிறுத்திட்டாங்க. மறதி முத்த முத்த நிறைய பேருக்கு இங்கிலீஷ் போயி தாய்மொழிதான் நிக்கும், உங்க அம்மாவுக்கு அந்தப் பொண்ணு எவ்ளோ முக்கியம்னு புரியுது. டைரக்ட் பேமென்ட்னு ஒண்ணு இருக்கு, கவுன்சில் கேர் காசை உங்க கைல கொடுக்கும், நீங்களே தமிழ் பேசுற ஆளை வெச்சுக்கலாம். அதே வீட்டுல இருக்குற மகளுக்கோ மருமகளுக்கோ சம்பளமா கொடுக்க சாதாரணமா அனுமதி கிடையாது. ஆள் தேடுறது, பே ஸ்லிப், லீவு போட்டா மாத்து ஆள்னு ஒரு குட்டி முதலாளி ஆகணும், எல்லாருக்கும் சரிப்படாது.

இப்ப செய்ய வேண்டியது. முதல்ல கவுன்சிலுக்கு ஒரு மெயில், அம்மாவோட கேரை எந்த அடிப்படைல குறைச்சீங்க, எந்தெந்தத் தேவை மாறியிருக்கு, அசெஸ்மென்ட் (தேவையை மதிப்பிட்டு எழுதினது) காப்பி அனுப்புங்கன்னு. பிளானை மாத்துறதுன்னா அம்மாவையும் உங்களையும் சேர்த்துக்கிட்டுதான் பண்ணணும், அதனால நேர்ல வந்து முழு அசெஸ்மென்ட் வேணும், தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு கேளுங்க. நீங்களே மொழிபெயர்க்க ஒத்துக்காதீங்க, அம்மா "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொன்னா அதையும் நீங்கதான் சொல்லியாகணும், தர்மசங்கடம். அதுவரைக்கும் பழைய மணி நேரத்தையே தொடரணும்னும் எழுதுங்க, கட்டாயம் தருவாங்கன்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன், ஆனா கேக்காதவங்களுக்கு நிச்சயமா கிடைக்காது. கூடவே உங்களுக்குன்னு ஒரு கேரர் அசெஸ்மென்ட் கேளுங்க, இதுல கேரர்னா அம்மாவைப் பாத்துக்குற நீங்கதான், ரெண்டு நாள் வேலையை விட்டது, தூக்கம், உங்க உடம்பு எல்லாம் அதுல வரணும். பதில் சரியில்லன்னா முறையா கம்ப்ளெயின்ட், அதுக்கும் மேல லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மேன் (கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அமைப்பு), இலவசம், 12 மாசத்துக்குள்ள போகணும். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா காலக்கெடு ரொம்பக் கம்மி, அதிகபட்சம் 3 மாசம், அந்த எண்ணம் இருந்தா இந்த வாரமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்க, அது என் எல்லைக்கு வெளில.

காசு பக்கம் ரெண்டு விஷயம். அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (உடம்பு முடியாத பெரியவங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை) வாங்குறீங்களா? சேமிப்பு வருமானம் எதுவும் பாக்க மாட்டாங்க, 2025-26ல வாரத்துக்கு 73.90 இல்லன்னா 110.40 பவுண்டா இருந்துச்சு. ராத்திரியும் உதவி வேணும்னா பெரிய தொகை. கவுன்சில் தன் கட்டணத்தைக் கணக்கு போடுறப்போ இதை வருமானமா சேர்த்துக்கலாம், ஆனா பேட், கூடுதல் துணி துவைக்கிறது, ஹீட்டிங் மாதிரி ஊனத்தால வர்ற செலவைக் கழிக்கணும், ரசீது எல்லாம் வெச்சிருங்க. விசிட் பாதி ஆச்சே பில்லும் பாதி ஆகும்னு எதிர்பாக்காதீங்க, பில் அம்மா வருமானத்தை வெச்சு வர்றது, நிறைய பேருக்கு கேர் குறைஞ்சும் கட்டுற தொகை அப்படியேதான் நிக்குது, கேட்டா வயிறு எரியும். இன்னொண்ணு, வீட்டுல இருந்து கேர் வாங்குற வரைக்கும் அவங்க குடியிருக்குற வீட்டோட மதிப்பைச் சேர்க்க மாட்டாங்க, வீடு போயிடும்னு பயந்து உதவியே கேக்காம இருக்குறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய. சேமிப்பு 23,250 பவுண்டு தாண்டினாதான் முழுசும் நம்ம காசு, அந்த வரம்பு 2010ல வெச்சது இன்னும் ஏறவே இல்ல, விலைவாசி ஏற ஏற அதுவும் ஒரு வெட்டுதான், யாரும் அப்படிப் பேர் வைக்கல.

அந்த அசெஸ்மென்ட் தேதி வர்றதுக்குள்ள ஒரு நோட்டு போட்டு ரெண்டு வாரம் எழுதுங்க. நாள், நேரம், என்ன ஆச்சு, நீங்க எத்தனை நிமிஷம் பண்ணீங்க, கேரர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனாங்க, அம்மா எவ்ளோ தண்ணி குடிச்சாங்க. மோசமான நாளையும் எழுதுங்க நல்ல நாளையும் எழுதுங்க, நல்ல நாளை மறைச்சா மொத்த நோட்டையும் நம்ப மாட்டாங்க. அசெஸ்மென்ட் பண்ற ஆள் வந்து டீ போடுவீங்களான்னு கேக்குறப்போ அம்மா போடுவேன்னுதான் சொல்வாங்க, வாக்குவாதம் பண்ணாதீங்க, சரிம்மா எல்லாருக்கும் ஒரு டீ போடுங்கன்னு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போங்க, கெட்டிலைத் தூக்குறப்போ பக்கத்துல மட்டும் நில்லுங்க.